வெளுத்த பக்கம்

ஐசியூவில் எடுக்கிற நெஞ்சுப் படம் மாதிரி ஆளை ஏமாற்றுகிற படம் வேறு கிடையாது. நடந்து வருகிறவரை நிற்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி எடுக்கிற எக்ஸ்ரேயை எந்த டாக்டரும் படித்துவிடலாம். எங்கள் ஆட்கள் நிற்க மாட்டார்கள், மூச்சைப் பிடிக்க மாட்டார்கள், சொன்னது காதில் விழுகிற நிலையிலும் இருக்க மாட்டார்கள். சக்கரம் வைத்த மெஷினைக் கட்டிலுக்கே உருட்டிக்கொண்டு வந்து, முதுகுக்கு அடியில் தகட்டைச் செருகி, படுத்த வாக்கிலேயே எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கழுத்தில் ஏற்றிய ஊசி, மூக்கு வழியாகப் போன சாப்பாட்டுக் குழாய், வாய் வழியாகப் போன மூச்சுக் குழாய், மானிட்டர் ஒயர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, கோயில் கொடை முடிந்து கழற்றிப் போட்ட சீரியல் பல்பு ஒயர் போலக் கிடக்கும். அதற்குள்ளிருந்து உண்மையைப் பொறுக்கி எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் பைரோஜா. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூ டாக்டர். எனக்குப் பொறுமை கம்மி என்று என்னைப் பெற்ற அத்தா பஜாரில் வத்தல் மூட்டை இறக்குகிறவர்களிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டைச்சாமி மாதிரி ஒரு மனிதரைச் சமாளிக்க எந்தப் பொறுமைசாலியாலும் முடிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கோட்டைச்சாமி, பானுப்பிரியாவின் கணவர். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பானுப்பிரியா தாயில்பட்டியைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிற வேலை பார்த்தாள். பக்கத்து அறை வெடித்தபோது வாசலைப் பார்த்து ஓடியிருக்கிறாள். ஓடியதால் முகம் தப்பியது; முதுகும் ஒரு கையும் வெந்துபோயின. அதைவிட எங்களைப் பயமுறுத்தியது அவள் இழுத்த புகை. மூச்சுப் பாதை வீங்கி அடைத்துக்கொள்ளும் என்று வந்த அன்றே மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் இறக்கி, வெண்டிலேட்டரில் போட்டுவிட்டோம். அவள் உயிர் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வார்டில் முதுகு வெந்தவர்களை வாழையிலை மேல்தான் கிடத்துவோம். புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி, துணியைப் பிய்த்து எடுக்கிற வேதனை இல்லை. இலையை நோயாளியின் ஆட்கள் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். நாங்கள் ஆவியில் வைத்துச் சுத்தம் பண்ணி, நடுநரம்பைச் சீவிவிட்டு விரிப்போம். கோட்டைச்சாமி கொண்டு வருகிற இலை ஒவ்வொன்றும் கல்யாணப் பந்திக்கு வெட்டியது போல இருக்கும். சின்ன இலை போதும் என்று சொன்னால், "எம் பொண்டாட்டி என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்பார்.

இன்னொன்றும் அவர் பொறுப்பில் இருந்தது. கீழ்த்தளத்திலிருந்து மாடிக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டிய படங்கள் பல மாதமாக வந்து சேர்வதில்லை. அதனால் ஃபிலிமில் அச்சடித்துக் கவரில் போட்டு வைப்பார்கள். அதைப் போய் வாங்கி வருவது நோயாளியின் ஆள் வேலை. கோட்டைச்சாமி கவரை அப்படியே கொண்டு வந்து கொடுக்கிற ஆள் இல்லை. மாடிப்படி ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு பிறகுதான் மேலே வருவார்.

எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து அவள் படம் நன்றாகவே இருந்தது. "நுரையீரல் சுத்தமா இருக்குண்ணே, பயப்படாதீங்க" என்று நான் சொல்வேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எடை போடும்போது தட்டில் கைவைத்த கடைக்காரரைப் பார்க்கிற பார்வை அது. வெளியே போய் வராண்டாவில் குத்தவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நல்ல சேதி சொன்னால் அழுகிற மனிதரை என்னதான் செய்வது? சின்ன வயசுப் பொம்பளை டாக்டர் சொல்வதை நம்பவில்லை போலும் என்று நினைத்து, எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் காலையில் அவர் சிரித்த முகத்தோடு வந்தார். அப்படியொரு முகம் அவருக்கு இருக்கிறதென்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"டாக்டரம்மா, படத்தைப் பாருங்க. நல்லாப் பாருங்க" என்று கவரை நீட்டினார்.

எனக்குச் சிரிக்க நேரமில்லை. காலையில் பானுப்பிரியாவை ஒருக்களித்து இலை மாற்றியதிலிருந்து அவளுடைய ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. மெஷினில் ஆக்சிஜனைக் கூட்டினேன். கொஞ்சம் ஏறிவிட்டு மறுபடி இறங்கியது. காற்றைத் தள்ள முடியாமல் வெண்டிலேட்டர் கத்திக்கொண்டிருந்தது. குழாயில் சளி அடைத்திருக்குமோ என்று சுகிர்தா சிஸ்டர் உறிஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அதனால்தான் அவசரமாக அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது.

வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் என் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. வலது பக்க நுரையீரலில், மேலிருந்து கீழாக ஒரு கோடு.

அந்த மாதிரிக் கோட்டுக்கு ஐசியூவில் இருக்கிற யாரும் நடுங்குவார்கள். நுரையீரல் எங்கேயோ பொத்துக்கொண்டு, காற்று வெளியே கசிந்து, விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவில் தேங்கினால் இப்படித்தான் நுரையீரலின் விளிம்பு கோடாக விழும். வெண்டிலேட்டரில் இருக்கிறவருக்கு அது வந்தால் மெஷின் தள்ளத் தள்ளக் காற்று பெருகி இதயத்தையே நெருக்கிவிடும். உடனே விலாவில் துளை போட்டு டியூப் சொருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் ஆள் நம்மிடம் இல்லை.

"மேடம், அது இலைக்கோடு" என்றாள் சுகிர்தா.

"எந்த இலை?"

"காலையில விரிச்ச இலைதான். ரொம்ப நீள இலை. நரம்பைச் சீவினா நடுவுல ரெண்டாப் போயிரும்னு ஒருபக்கம் அப்படியே விட்டுட்டோம். முதுகுக்கு அடியில அதுதான் கெடக்கு."

எங்கள் வார்டில் இலைக்கோடு என்று ஒன்று உண்டு. இலையின் நரம்போ மடிப்போ படத்தில் விழுந்து, நுரையீரல் விளிம்பு போலவே நடிக்கும். வெளியூரிலிருந்து வருகிற டாக்டர்கள் அதைக் கண்டு அலறுவதும், நாங்கள் சிரிப்பதும் நடப்பதுதான். ஆனால் சிரித்த வாயே ஒருநாள் அழ வேண்டிவரும். இலைக்கோடு என்று ஒதுக்கிய கோடு நிஜமாகவே நுரையீரல் விளிம்பாக இருந்தால்?

சர்ஜன் நவநீதகிருஷ்ணன் சாரைக் கூப்பிட்டேன். அவர் எதிலும் ஒரு பக்கம் நிற்கிற மனிதர். இரண்டு பக்கமும் இருக்கலாம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "காத்துதாம்மா. சந்தேகமே இல்ல" என்றார்.

"இலையா இருக்கலாம் சார்."

"இலை இதயத்தைத் தள்ளுமா? பாரு, இதயம் இடது பக்கமா ஒதுங்கிக் கெடக்கு. வலப்பக்கம் காத்து நெறைஞ்சு தள்ளுது. கோட்டுக்கு வெளியே எம்புட்டுக் கறுப்பு பார்த்தியா? ஆக்சிஜன் இறங்குது, மெஷின் கத்துது. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் படத்தில் இருந்தது. இதயம் நகர்ந்திருந்தது. வலது பக்கம் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தது. இடது பக்கம் வெளுத்திருந்தது. ஆனால் புகை குடித்த நுரையீரல் ஒருநாள் நீர் கோத்து வெளுக்கும் என்று அவள் வந்ததிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். கட்டுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் மெஷின் சத்தம்தான் இரைந்தது. வலது பக்கம் நன்றாகக் கேட்பது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. ஸ்கேன் மெஷினைக் கேட்டு ஆள் அனுப்பினால், பிரசவ வார்டில் இருக்கிறது, முடித்துவிட்டுத் தருகிறோம் என்று பதில் வந்தது. இலையை உருவிவிட்டு இன்னொரு படம் எடுக்கலாம். ஆனால் அவளை ஒருக்களித்ததில்தான் எல்லாமே ஆரம்பித்தது. மறுபடி ஒருக்களிக்க எனக்கு நெஞ்சுத் துணிவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. காற்றாக இருந்து நான் டியூப் போடாவிட்டால் அவள் செத்துப்போவாள். காற்றாக இல்லாமல் டியூப் போட்டால், உள்ளே உப்பி நிற்கிற நுரையீரலை நானே குத்திக் கிழித்து இல்லாத வியாதியை உண்டாக்குவேன். வெந்த உடம்பில் இன்னொரு புண், அதன் வழியே கிருமி. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் நவநீதகிருஷ்ணன் சார் பக்கமே சாய்ந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அது காற்றாகவே தெரிந்தது.

"டியூப் போட்டுருவோம். ஆனா புருஷன்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா. போன வாரம் நடந்த கலாட்டா மறந்திருச்சா?" என்றார் அவர். அதற்கு முந்தைய வாரம் வேறொரு நோயாளியின் ஆட்கள், கேட்காமல் துளை போட்டதாகச் சொல்லி வாசல் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். அவர் கையுறை மாட்டத் தொடங்கினார். நான் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

கோட்டைச்சாமி வராண்டாவில் யாருக்கோ போனில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நெஞ்சில் காற்று தேங்கியிருக்கலாம், சின்னத் துளை போட்டு டியூப் வைக்க வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

"உயிருக்கு ஆபத்துண்ணே. நேரமில்ல, போடுங்க."

"ஏன் டாக்டரம்மா, கரியா இருந்தப்பெல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னீக. இப்பத் தெளிஞ்சு வாற நேரத்துல ஓட்டை போடணும்ங்கீக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் போட மாட்டேன்."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "என்னண்ணே தெளிஞ்சிருச்சு? என்ன பேசுறீங்க? உள்ள ஒரு பொம்பளை மூச்சு முட்டிக் கெடக்கா, இங்கன நின்னு எங்கூட நியாயம் பேசுறீங்களே" என்று கத்தினேன். வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவரும் விடவில்லை. "கத்தாதீக. நான் படிக்காதவன்தான், கண்ணு தெரியாதவன் இல்ல. படத்தைக் கொண்டாங்க, காட்டுறேன்."

கையெழுத்து வேண்டுமே. உள்ளே போய் ஃபிலிமைக் கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "இந்தாங்க, இந்தக் கோடு. இதுதான் காத்து" என்று விரலை வைத்தேன்.

"கோடு கெடக்கட்டும் டாக்டரம்மா. இங்கன பாருங்க" என்று அவர் என் விரலைத் தள்ளிவிட்டு மறுபக்கத்தைக் காட்டினார். பிறகு செல்போனை எடுத்து, நேற்றைய படத்தின் போட்டோவை ஃபிலிமுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடித்தார். "இது நேத்து. ரெண்டு பக்கமும் எம்புட்டுக் கரி! வெடிமருந்துப் பொக பூரா உள்ள அப்பிக் கெடந்துச்சு. கம்பெனிச் செவுத்துல அப்பிக்கெடக்கும்லா, அதே மாதிரி. இப்ப இன்னைக்குப் பாருங்க. இந்தப் பக்கம் பூராக் களுவி விட்ட மாதிரி வெளுத்துருக்கு. கரி எறங்கிருச்சு. இன்னொரு பக்கமும் ரெண்டு நாள்ல வெளுத்துரும். அதுக்குள்ள ஏன் ஓட்டை போடணும்?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர் என்று அந்த நொடியில் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கறுப்பென்றால் கரி, வெளுப்பென்றால் சுத்தம். பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அப்படித்தானே தோன்றும்? அப்படியில்லை அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

நேற்று இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. இன்று முழுக்க வெளுப்பு. ஒரே நாளில், ஒரே பக்கம், ஒரு திட்டுகூட விடாமல்.

புகை அப்படிச் செய்யாது. புகை இரண்டு பக்கமும் போயிருக்கிறது. வெளுத்தால் இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக வெளுக்க வேண்டும். அந்தப் பக்கத்து விலா எலும்புகளைப் பார்த்தேன். நேற்றைவிட நெருங்கியிருந்தன. காற்றுப் போகாமல் சுருங்கிய நுரையீரல் எலும்புகளை உள்ளே இழுத்திருந்தது. இதயத்தை வலது பக்கத்துக் காற்று தள்ளவில்லை. இடது பக்கம்தான் இழுத்திருந்தது. தள்ளினாலும் இழுத்தாலும் இதயம் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். நாங்கள் தள்ளியதாகவே முடிவு கட்டியிருந்தோம்.

இடது நுரையீரலுக்கு ஏன் காற்று போகவில்லை? மூச்சுக் குழாயைப் பார்த்தேன். சாப்பாட்டுக் குழாயும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்ததால், இதுதான் அதன் நுனி என்று ஏதோ ஒரு இடத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது விரலால் தடவிக்கொண்டே இறங்கினேன். மூச்சுப் பாதை இரண்டாகப் பிரிகிற கவைக்கு மேலே நிற்க வேண்டிய குழாய், கவையைத் தாண்டி வலது கிளைக்குள் போயிருந்தது. மெஷின் தள்ளுகிற காற்றெல்லாம் வலது நுரையீரலுக்கு மட்டும் போனது. அதனால்தான் அது அப்படிக் கறுத்து உப்பியிருந்தது. இடதுக்கு ஒரு மூச்சுகூடப் போகவில்லை. காலையில் ஒருக்களித்தபோது குழாய் உள்ளே நழுவியிருக்கிறது.

கோட்டைச்சாமியிடம் ஒன்றும் சொல்லாமல் ஃபிலிமை அவர் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பின்னாலிருந்து, "டாக்டரம்மா, கையெழுத்து?" என்று அவர் கூப்பிடுவது கேட்டது.

நவநீதகிருஷ்ணன் சார் கையுறை போட்டு, விலாவில் மருந்து தடவி, கத்தியைக் கையில் எடுத்திருந்தார்.

"சார், வேண்டாம். நிறுத்துங்க. குழாய் உள்ள போயிருக்கு."

"என்ன உளர்றே?"

"ஒரு நிமிஷம் குடுங்க சார். சரியாகலைன்னா குத்துங்க."

அவர் முறைத்தார். ஆனால் கையை எடுத்துவிட்டார். சுகிர்தா கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். பானுப்பிரியாவின் வீங்கிய உதட்டை விலக்கிப் பார்த்தால், உதட்டோரம் தெரிய வேண்டிய குழாயின் அளவுக்குறி வாய்க்குள் போய் மறைந்திருந்தது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து, குறி வெளியே வந்ததும் நிறுத்தி, மறுபடி கட்டச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கம் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. மெஷினைக் கழற்றி, காற்றுப் பையை மாட்டிக் கையால் பம்ப் பண்ணினேன். பிறகு எங்கேயோ தாள் கசங்குவது போல ஒரு சத்தம். அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். மூடிக் கிடந்த நுரையீரல் திறந்துகொண்டிருந்தது.

மறுபடி மாட்டியபோது மெஷின் கத்துவதை நிறுத்தியிருந்தது. ஆக்சிஜன் அளவு உடனே ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அது மெதுவாக ஏறத் தொடங்கியபோது சுகிர்தா "கர்த்தரே" என்றாள். நானும் மனசுக்குள் என் பங்குக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுபடி ஒரு படம் எடுத்தார்கள். இந்த முறை தகட்டைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்ததால் வயிறும் பாதி விழுந்திருக்கும் என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போனார். படத்தை வாங்கி வரக் கோட்டைச்சாமியை அனுப்பினார்கள். நான் கைகழுவிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே படியிறங்கினேன்.

ஜன்னல் பக்கம் படியில் உட்கார்ந்திருந்தார். ஃபிலிம் மடியில் கிடந்தது. தலையில் கைவைத்து விசும்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"உள்ள போயி என்ன செஞ்சீக? சொல்லுங்க, என்ன செஞ்சீக? காலையில வெளுத்துக் கெடந்த பக்கத்துல கரி திரும்பி வந்துருச்சே! நான் கையெழுத்துப் போடலங்கிறதுக்காக எம் பொண்டாட்டியை இப்படிப் பண்ணிப்பிட்டீகளே!"

நான் அவர் கையிலிருந்து ஃபிலிமைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இடது பக்கம் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. விலா எலும்புகள் விலகியிருந்தன, இதயம் தன் இடத்துக்கு வந்திருந்தது, குழாய் நுனி கவைக்கு மேலே ஒழுங்காக நின்றது. வலது பக்கக் கோடு அப்படியே இருந்தது. ஆனால் இந்தப் படத்தில் அது நெஞ்சோடு நிற்காமல், விலாவைத் தாண்டி, வயிற்றுக்குள்ளும் இறங்கிப் போயிருந்தது. நுரையீரல் வயிறு வரைக்கும் போகாது. இலைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படியில் ஒரு டாக்டரும் ஒரு லாரி டிரைவரும் ஒரே படத்தைப் பார்த்து எதிரெதிர்க் காரணத்துக்கு அழுததைப் போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அண்ணே, உக்காருங்க" என்றேன். "இது கரி இல்ல. எக்ஸ்ரேயில காத்து இருக்கிற எடம்தான் கறுப்பா விழும். எலும்பு, தண்ணி, சதை எல்லாம் வெள்ளையா விழும். நுரையீரல்னா கறுப்பாத்தான் இருக்கணும். உங்களுக்கு எனக்கு யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான். காலையில வெளுத்திருந்துச்சே, அந்தப் பக்கத்துக்கு மூச்சே போகல. குழாய் நழுவி அடைச்சிருந்துச்சு. இப்பச் சரி பண்ணிட்டோம். மூச்சுப் போகுது. அதான் கறுப்பு."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளு கரியா இருந்தது?"

"அம்புட்டும் மூச்சுதான்."

"நல்லாருக்கு நல்லாருக்குன்னு நீங்க சொன்னது?"

"நெசம்தான்."

"நான் பொய்யின்னு நெனச்சேன்" என்றார். "சாகப் போறவ புருஷன்னு பாவம் பாத்துச் சொல்றீகன்னு நெனச்சேன்."

அத்தனை நாள் அவர் ஏன் அழுதார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் பார்க்கிற ஆளுக்குக் கறுப்பென்றால் என்ன, வெள்ளையென்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவர் அவசரமாக போனை எடுத்து ஊரில் இருந்த மாமியாரைக் கூப்பிட்டார். "அத்தை, காலையில வெளுத்துருச்சுன்னு சொன்னேம்லா? அது இல்ல. இப்பக் கறுத்துருச்சு. நல்லாக் கறுத்துருச்சு" என்றார். மறுமுனையில் ஒப்பாரியே எழுந்துவிட்டது. கூட இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஐயோ, அளாதீக அத்தை! கறுத்தாத்தான் நல்லது! ஏ, நான் சொல்றதைக் கேளுங்களேன்!" என்று அவர் கத்தக் கத்த, அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. போனை என்னிடம் தந்தார். நான் வாங்கி, அவள் தேறிக்கொண்டிருக்கிறாள், பயப்படாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் அடங்கியது. அப்படி அடங்கினாலும் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"இல்ல டாக்டரம்மா. அவ இங்கன வந்து படுத்த நாள்ல இருந்து எனக்கு டீத்தண்ணியத் தவிர ஒண்ணும் எறங்கல. இன்னைக்குக் காலையிலதான், படம் வெளுத்துருச்சேன்னு சந்தோசத்துல, அதை உங்ககிட்டக் குடுத்த கையோட எதுத்த கடையில போயி இட்லி தின்னேன். வயிறாரத் தின்னேன். கெட்டிச் சட்னி கேட்டு வாங்கித் தின்னேன். அந்நேரம்தான அவளுக்கு மூச்சு நின்னுக்கிட்டிருந்திருக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவரிடம் இனிமேல் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றிருந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "அந்நேரம்தான். ஆனா நீங்க கடையில இருந்தீங்க. நான் அவங்க தலைமாட்டுலயே நின்னேன், கையில படத்தோட. எனக்கும் தெரியல. நீங்க வந்து வெளுத்துருக்கு வெளுத்துருக்குன்னு சண்டை போட்ட பொறவுதான் நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தேன்."

அவர் நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஃபிலிமை மறுபடி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, இடது பக்கத்துக் கறுப்பை விரலால் மெதுவாகத் தடவினார்.

"அப்ப இனிமே கறுப்பா இருந்தாச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

"சாப்பிடலாம்ணே" என்றேன்.